துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா!

ஒரே ஒரு குண்டு பாக்கி இருந்தது.

அது மையத்தில் பட்டால் அமெரிக்காவுக்கு வெற்றி. தவறினால் அயர்லாந்துக்கு வெற்றி.

1874-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம் 26-ந்தேதி. நியூயார்க் நகரத்தை அடுத்த கிரீட்மூர் மைதானம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசிக் குண்டைச் சுட வேண்டியவர், கர்னல் ஜான் போடைன். சற்று முன்புதான் தாகத்துக்காக ஒரு இஞ்சிச் சோடாப் பாட்டிலைத் திறந்தார். பாட்டில் வெடித்துவிட்டது! கண்ணாடி கையைக் கிழித்தது. ரத்தம் கொட்டியது.

அவர் பதறவில்லை. கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். தரையில் படுத்தார். குறி பார்த்தார்.

குறிப்பலகை ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இருந்தது. அதாவது ஒரு கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரத்தில் ஒரு ஆள் நின்றால், நம் கண்ணுக்கு எறும்பு மாதிரிதான் தெரிவான்!

துப்பாக்கி முழங்கியது. அந்தக் காலத்துக் குண்டு அவ்வளவு தூரம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று விநாடி பிடிக்கும். அந்த மூன்று விநாடியும் யாரும் பேசவில்லை.

பிறகு தூரத்தில் வெள்ளைத் தட்டு எழுந்தது. மையத்தில் பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நாலு புள்ளி!

அமெரிக்கா 934. அயர்லாந்து 931.

மூன்றே மூன்று புள்ளியில் வெற்றி. ஜனங்கள் தொப்பிகளைத் தூக்கி எறிந்தார்கள்.

பக்கத்து இலையில் பரிமாறியவர்

இந்தப் போட்டியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை நமக்குத்தான், அயர்லாந்துக்காரர்களுக்கு அது தீராத வேதனை.

அயர்லாந்து அணியில் மில்னர் என்று ஒருவர். அவர் சுட்ட குண்டு ஒன்று அழகாக மையத்தில் போய்ப் பட்டது. ஆனால் அது அவருடைய பலகை அல்ல, பக்கத்துப் பலகை! பந்தியில் தன் இலையை விட்டுவிட்டு அடுத்தவர் இலையில் பரிமாறிய கதைதான். அந்தக் குண்டுக்குப் புள்ளி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலு புள்ளி கிடைத்திருந்தால் அயர்லாந்து 935 ஆகியிருக்கும். ஒரு புள்ளியில் ஜெயித்திருக்கும்.

ஆக, பாட்டில் வெடித்த கையும், பலகை மாறிய கண்ணும்தான் இந்தப் போட்டியைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் துப்பாக்கி தெரிந்தவர்கள் அன்று கவனித்தது வேறொன்றை.

அயர்லாந்துக்காரர்கள் கொண்டு வந்தவை, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிகள். ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். பிறகு குண்டை வைத்து, கோலால் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் இதைவிடக் குறி தவறாத முறை உலகத்தில் இல்லை என்பது அன்றைய பெரியவர்களின் எண்ணம்.

அமெரிக்கர்கள் கொண்டு வந்தவை, பின்பக்கமாகத் தோட்டாவைப் போட்டுச் சுடும் புதிய ரைபிள்கள். ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரண்டு தொழிற்சாலைகள் இந்தப் போட்டிக்காகவே சில மாதங்களில் அவற்றைச் செய்து கொடுத்தன. அணியில் மூன்று பேர் கையில் ரெமிங்டன், மூன்று பேர் கையில் ஷார்ப்ஸ்.

பின்பக்கம் போடும் துப்பாக்கி இவ்வளவு தூரத்துக்குச் சரிப்படாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு அன்று ஒரு பதில் கிடைத்தது.

நெடுந்தூரம் சுடுகிறவர்கள் அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடைத் தோட்டாவை வாங்கிப் போடவில்லை. மருந்தைத் தராசில் நிறுத்தார்கள். குண்டை மெல்லிய காகிதத்தில் சுற்றினார்கள். அதைத் தங்கள் கையாலேயே தோட்டாவில் வைத்தார்கள். எந்த அளவு தன் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள்.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் பார்ப்பதா? ஆமாம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிட இதில் சிரமம் அதிகம்!

நாலே பொருள்தான்

தோட்டா என்றால் என்ன? அதில் நாலு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, பித்தளைக் கூடு. அதன் அடியில் ஒரு சிறிய கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்பைப் போல, தட்டினால் பொறி பறக்கும். கூட்டுக்குள் மருந்து. வாயில் குண்டு.

விசையை இழுத்ததும் ஊசி போய்க் கேப்பைக் குத்துகிறது. பொறி மருந்தில் பற்றுகிறது. மருந்து எரிந்து வாயு ஆகிறது. அந்த வாயு குண்டைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும்.

சாம்பாருக்குப் பருப்பு, புளி, மிளகாய், உப்பு. எல்லார் வீட்டிலும் இவைதான். ஆனால் எல்லார் வீட்டுச் சாம்பாரும் ஒன்றாகவா இருக்கிறது?

தோட்டாவும் அப்படித்தான். மருந்தில் எத்தனையோ ரகம். சீக்கிரம் எரிவது உண்டு. நிதானமாக எரிவது உண்டு. குண்டிலும் நீளம், எடை, உருவம் எல்லாம் வேறு வேறு.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரு துப்பாக்கிக்கு அமிர்தமாக இருக்கும் தோட்டா, இன்னொரு துப்பாக்கிக்கு வேப்பங்காயாக இருக்கும். இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே யந்திரத்தில், ஒரே நாளில் செய்யப்பட்டவையாக இருந்தாலும் சரி!

குழலின் உள்ளே மயிரிழை வித்தியாசம் இருக்கும். தோட்டா உட்காரும் அறை ஒன்றில் கொஞ்சம் தாராளமாக இருக்கும். இன்னொன்றில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். குழலைத் தாங்கும் மரக்கட்டை பொருந்தியிருக்கும் விதமும் மாறும். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசங்கள் தூரம் போகப் போகப் பெரிதாகிவிடும்.

பம்பரம் போலச் சுற்றும்!

ரைபிள் குழலுக்குள் எட்டிப் பார்த்தால், திருகாணியில் மரை இருப்பது போல் வளைந்து வளைந்து பள்ளங்கள் போகும். குண்டு அவற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றியபடியே வெளியே வரும்.

ஏன் சுற்ற வேண்டும்? பம்பரம் ஏன் நிற்கிறது? சுற்றுவதால்தான். சுற்றாத பம்பரம் விழுந்துவிடும். சுற்றாத நீளக் குண்டும் காற்றில் குட்டிக்கரணம் போடும்.

எவ்வளவு வேகம் தெரியுமா? பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பள்ளம் வெட்டிய குழல் ஒன்று. அதிலிருந்து விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் ஒரு குண்டு கிளம்புகிறது. அப்படியானால் அது விநாடிக்கு 2,600 முறை சுற்றும். நிமிஷக் கணக்கில் 1,56,000 சுற்று!

நீளமான குண்டுக்கு இன்னும் வேகமான சுற்று வேண்டும். குட்டைக் குண்டுக்கு அவ்வளவு வேண்டாம். இதற்கு ஒரு கணக்கை 1879-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஊல்விச் என்ற ஊரில் இருந்த பேராசிரியர் கிரீன்ஹில் சொல்லிவிட்டார். ஆகவே குண்டைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் குழலில் பள்ளம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைத்தான்.

சரி, பம்பரத்தின் ஒரு பக்கத்தில் மெழுகை ஒட்டிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். என்ன ஆகும்? தள்ளாடும். குண்டும் அப்படியே. ஒரு பக்கம் துளி கனமாக இருந்தால் போதும், போகிற வழியெல்லாம் தள்ளாடும்.

இதைக் கண்டுபிடிப்பதற்காகவே வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஒரு டாக்டர்.

கோழித் தீனியும் குண்டு ஆராய்ச்சியும்

அவர் பெயர் பிராங்க்ளின் மான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் மில்போர்டு என்ற ஊரில் இருந்தவர். 1856-ல் பிறந்தார். வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கினார். ஆனால் பணம் சம்பாதித்தது வைத்தியத்தில் அல்ல. கோழிகளுக்குத் தீனியாகப் போட, பச்சை எலும்பை நறுக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து விற்றார். கையில் காசு சேர்ந்தது. அந்தக் காசையெல்லாம் துப்பாக்கி ஆராய்ச்சியில் கொட்டினார்!

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒரே மாதிரி பத்துத் தோட்டா செய்து, ஒரே துப்பாக்கியில் சுட்டாலும், பத்துக் குண்டும் ஒரே இடத்தில் படுவதில்லையே, ஏன்?

சுடுகிறவன் கை நடுங்கியிருக்கும் என்று சொல்லிவிடலாம். மான் அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மனிதன் கையே வேண்டாம் என்று தீர்மானித்தார். தரையில் ஆழமாக இறக்கி ஒரு கான்கிரீட் தூண் கட்டினார். அதற்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரை வைத்தார். அதன் மேல் துப்பாக்கிக் குழலை மட்டும் படுக்க வைத்துச் சுட்டார். இன்றும் தோட்டாக்களைச் சோதிக்க இப்படி அமைக்கும் குழலுக்கு 'மான் குழல்' என்றே பெயர்.

குண்டு போகும் வழியில் காகிதத் திரைகளை வரிசையாகக் கட்டினார். குண்டு ஒவ்வொரு திரையிலும் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். அந்த ஓட்டைகளை அளந்து, குண்டு எப்படித் தள்ளாடிப் போனது என்று கணக்கிட்டார்.

பிறகு வேண்டுமென்றே குண்டுகளைக் கெடுத்தார். சிலவற்றின் மூக்கை நசுக்கினார். சிலவற்றின் அடிப்பாகத்தைச் சேதப்படுத்தினார். பக்கவாட்டில் துளை போட்டும் சுட்டுப் பார்த்தார்.

என்ன தெரிந்தது? மூக்கு நசுங்கிய குண்டு ஏறக்குறைய ஒழுங்காகவே போனது. அடிப்பாகம் கெட்ட குண்டுதான் தறிகெட்டுப் போனது!

பார்ப்பவர்கள் எல்லாம் குண்டின் மூக்கழகைத்தான் பார்ப்பார்கள். ஆனால் விஷயம் அடியில் இருக்கிறது. குழலை விட்டுக் கடைசியாக வெளியே வருவது அடிப்பாகம். அது கோணலாக இருந்தால், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வந்து குண்டைத் தள்ளிவிடும்.

இவற்றையெல்லாம் எழுதி 1909-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1916-ல் காலமானார்.

மானுக்குக் குழல் செய்து கொடுத்தவர்களில் ஒருவர் ஹாரி போப். அந்தக் காலத்தில் குழல் செய்வதில் அவருக்கு இணை இல்லை. 1906-ல் சான் பிரான்சிஸ்கோவில் போய்க் கடை வைத்தார். வைத்த கொஞ்ச காலத்திலேயே, அந்த நகரத்தை அழித்த பெரிய பூகம்பமும் தீயும் கடையைக் கொண்டுபோய்விட்டன. பிறகு ஜெர்ஸி நகரத்துக்கு வந்து மறுபடியும் தொடங்கினார்.

போப்பிடம் குழல் வாங்கினால், அந்தக் குழலுக்கென்றே குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்து வரும். இந்தக் குழலுக்கு இந்தக் குண்டுதான்; வேறு குண்டு வேண்டாம் என்று அர்த்தம். பெண்ணோடு சீர்வரிசையும் வந்த மாதிரி!

குழல் ஆடுகிறது

இரும்புக் குழல் அசையாது என்று நாம் நினைக்கிறோம். அது தப்பு. சுடும்போது குழல் அதிர்கிறது. காற்றில் மூங்கில் கொம்பு ஆடுவது போல் அதன் நுனி ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். ஆனால் ஆட்டம் ஆட்டம்தான்.

ஊஞ்சலில் ஒரு குழந்தை ஆடுகிறது. நடுவில் வரும்போது வேகமாகப் போகும். உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நின்று பிறகு திரும்பும்.

குழல் நுனியும் அதே மாதிரி உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. குண்டு அந்தக் கணத்தில் வெளியேறினால் நல்லது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் குழல் ஏறக்குறைய ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் விசையாகப் போகும்போது வெளியேறினால், ஒரு குண்டு மேலே போகும், ஒரு குண்டு கீழே போகும்.

குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு. மருந்தைத் துளி கூட்டினால் சற்று முன்னதாக வெளியே வரும். துளி குறைத்தால் சற்றுத் தாமதமாக வரும். மருந்தின் அளவை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இது.

மருந்தை 'கிரெயின்' என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் என்பது நம் குன்றிமணியின் எடையில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதியையும் பத்தாகப் பிரித்து நிறுக்கிறார்கள். தங்க நகைக் கடையில்கூட இவ்வளவு கறார் கிடையாது!

அளவெடுத்துத் தைத்த சட்டை

தன் கையால் தோட்டா அடைப்பவர் என்ன செய்கிறார்?

சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டை அவர் எறிவதில்லை. பொறுக்கி வைத்துக்கொள்கிறார். ஏன்? சுடும்போது வாயுவின் வேகத்தில் கூடு விரிந்து, அந்தத் துப்பாக்கியின் அறைக்குள் அப்படியே படிந்துவிடுகிறது. அந்த அறையின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. கடையில் வாங்கிய புதுக் கூடு, எல்லாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை. ஒரு முறை சுட்ட கூடு, அந்தத் துப்பாக்கிக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை!

கூட்டைச் சுத்தம் செய்கிறார். பல முறை சுட்டதில் நீண்டு போயிருந்தால் சமமாக வெட்டுகிறார். புதுக் கேப்பு வைக்கிறார். மருந்தை நிறுத்துக் கொட்டுகிறார். குண்டை வைத்து அழுத்துகிறார்.

எவ்வளவு ஆழம் அழுத்துவது? இங்கேதான் சூட்சுமம். குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, குழலின் பள்ளத்தைப் பிடிப்பதற்கு முன் சிறிது தூரம் தாவ வேண்டியிருக்கிறது. சில குழல்களுக்கு இந்தத் தாவல் குறைவாக இருந்தால் பிடிக்கும். சில குழல்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. எது எப்படி என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. சுட்டுப் பார்த்து, துப்பாக்கியிடமேதான் கேட்க வேண்டும்.

எல்லாத் தோட்டாவிலும் மருந்து ஒரே மாதிரி இருப்பதும் முக்கியம். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் விநாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூறு கெஜத்தில் அது தெரியவே தெரியாது. ஆயிரம் கெஜத்தில் ஒரு சாண் அளவாவது மேலும் கீழும் போய்விடும். கிரீட்மூர் மாதிரிப் போட்டியில் ஒரு சாண் என்பது தோல்வி.

வெயிலும் இதில் தலையிடும். பல ரக மருந்துகள் சூட்டில் வேகமாக எரியும். மார்கழியில் பொருத்தம் பார்த்த தோட்டா, சித்திரையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்!

மூன்று குண்டை நம்பாதே

இந்தப் பொருத்தம் பார்ப்பதில் பலர் ஏமாறுகிறார்கள்.

எட்டு விதமான தோட்டா செய்வார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுடுவார்கள். ஒன்றில் மட்டும் மூன்றும் நெருக்கமாகப் பட்டிருக்கும். "கிடைத்துவிட்டது!" என்று துள்ளிக் குதிப்பார்கள். அடுத்த வாரம் அதையே சுட்டால், மூன்றும் மூன்று மூலையில் நிற்கும்.

எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று முறை காசு சுண்டினால், சராசரியாக ஒருவருக்கு மூன்று முறையும் தலை விழும். அவர் காசு சுண்டுவதில் மன்னன் என்றா அர்த்தம்? தற்செயலாக விழுந்தது. அவ்வளவுதான்.

துப்பாக்கி விஷயத்திலும் அதே கணக்குத்தான். மூன்று குண்டு எதையும் நிரூபிக்காது. பத்து, இருபது என்று சுட வேண்டும். இன்னொரு நாளும் சுட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். அதனால்தான் பலர் மூன்று குண்டோடு திருப்தி அடைந்து, சுட்ட காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பொறுமைசாலிகளும் உண்டு. மேஜை மேல் துப்பாக்கியை வைத்துச் சுடும் போட்டி அமெரிக்காவில் நடக்கிறது. 1947-ல் நியூயார்க் மாகாணத்தில் ஜான்ஸ்டவுன் என்ற ஊரில் இதற்காகவே சங்கம் வைத்தார்கள். இந்தப் போட்டிக்கு வருகிறவர்கள் வீட்டில் அடைத்த தோட்டாவைக் கொண்டு வருவதோடு நிற்பதில்லை. தராசு, அச்சு எல்லாவற்றையும் மைதானத்துக்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காலையில் ஒரு அளவு, வெயில் ஏறியதும் வேறு அளவு என்று அங்கேயே அடைக்கிறார்கள். நூறு கெஜ தூரத்தில் ஐந்து குண்டு சுட்டால், காகிதத்தில் பார்ப்பது ஒரே ஓட்டை!

இந்தப் போட்டிக்கென்றே 1970-களில் ஒரு புதிய தோட்டாவைச் செய்தவர்கள் இருவர். ஒருவர் பின்டெல், யந்திர அச்சுகள் செய்யும் தொழிலாளி. இன்னொருவர் பால்மிசானோ, ரத்தக் குழாய்களை அறுத்துத் தைக்கும் டாக்டர். மறுபடியும் ஒரு டாக்டர்! நுட்பமான கை இங்கேயும் வந்து வேலை செய்திருக்கிறது.

விளையாட்டு அல்ல

இதெல்லாம் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் வெடிமருந்து விளையாட்டுச் சாமான் அல்ல.

எரியும் வேகம் வேறான மருந்தை மாற்றிப் போட்டால் போதும். அல்லது ஒரே கூட்டில் மறந்துபோய் இரண்டு தரம் கொட்டினால் போதும். துப்பாக்கியே வெடித்துச் சிதறும். கண் போகும். கை போகும். உயிரும் போகும். அப்படிப் போனவர்களும் உண்டு.

ஆகவே, அனுபவம் உள்ளவர்கள் மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் வைப்பார்கள். மருந்து செய்பவர்கள் அச்சிட்டுக் கொடுத்த அளவுப் புத்தகத்தைத் தாண்ட மாட்டார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து, சிறிது சிறிதாகத்தான் ஏற்றுவார்கள். அடைக்கும்போது பேச்சுக் கிடையாது. ரேடியோ, டெலிவிஷன் கிடையாது. வெற்றிலை வாங்கி வா என்று கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்கள்!

இது பல அமெரிக்கர்களின் வீட்டுப் பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

ஒலிம்பிக்கில் என்ன செய்கிறார்கள்?

ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் தூரம் சுடும் சிறிய ரைபிளுக்கு யாரும் கையால் தோட்டா அடைக்க முடியாது. அதில் தனிக் கேப்பு இல்லை. பொறி தரும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும்.

அப்படியானால் பொருத்தம் பார்ப்பது எப்படி? வீரர்கள் தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டாத் தொழிற்சாலைக்கே போகிறார்கள்! இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்திலுள்ள எலீ தொழிற்சாலையில் இதற்கென்றே சோதனைக் கூடம் உண்டு. பின்லாந்தின் லாபுவா நிறுவனத்தாரும் இப்படிக் கூடம் வைத்திருக்கிறார்கள்.

அங்கே துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்துப் பத்தாகச் சுடுகிறார்கள். எல்லாம் ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி. தயாரான நாள் மட்டும்தான் வேறு. ஆனாலும் ஒரு தொகுதியைத் துப்பாக்கி ஏற்றுக்கொள்கிறது, இன்னொன்றைத் துப்பிவிடுகிறது. பிடித்த தொகுதி கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

2008-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ந்தேதி பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வாங்கினாரே, அது காற்றுத் துப்பாக்கிப் போட்டி. ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கம் அது. அதில் மருந்தே கிடையாது. சிறிய ஈயக் குண்டு ஒன்றுதான். தூரம் 10 மீட்டர். பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லி மீட்டர்! இந்தப் போட்டிக்கான ஈயக் குண்டுகளை 4.49 மில்லி மீட்டர், 4.50 மில்லி மீட்டர் என்று தனித்தனியாக டப்பாக்களில் விற்கிறார்கள். நூறில் ஒரு மில்லி மீட்டர் வித்தியாசம். வீரர்கள் அதையும் தங்கள் குழலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

கிரீட்மூர் என்ன ஆயிற்று?

போடைன் கடைசிக் குண்டு சுட்ட அந்த மைதானம் பிறகு மூடப்பட்டது. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டது. குண்டுச் சத்தத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அங்கே மனநோய் ஆஸ்பத்திரி வந்தது.

ஆனால் பெயர் போகவில்லை. 2007-ம் ஆண்டில் ஹார்னடி என்ற அமெரிக்கத் தொழிற்சாலை நெடுந்தூரம் சுடுகிறவர்களுக்காகப் புதிய தோட்டா ஒன்றைக் கொண்டு வந்தது. அதற்கு 'கிரீட்மூர்' என்று பெயர் சூட்டினார்கள். கடையில் வாங்கி அப்படியே போட்டுச் சுட்டாலும், கையால் அடைத்த தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருக்க வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். அது நிறைவேறியது. இன்று உலகமெங்கும் அந்தத் தோட்டா விற்பனை ஆகிறது.

ஆனாலும் கையால் அடைப்பவர்களை அவர்கள் மறந்துவிடவில்லை. வழக்கமாகத் தோட்டாக்காரர்கள் உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்பதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். இவர்கள் ஆரம்ப காலத்தில் அந்தப் பக்குவத்தைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டுவிட்டார்கள். பெட்டியை வாங்கியவர்கள் தோட்டாவைச் சுட்டுத் தீர்த்தார்கள். காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். பிறகு அந்த அளவிலிருந்து கொஞ்சம் குறைத்து ஆரம்பித்து, தங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று தராசும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.